திரையில் விளங்கிய கணக்கு தாளில் எத்தனை புள்ளி எடுக்கும்?

இலங்கையின் வன்னியில் தரம் 11 படிக்கும் பிள்ளை இணையத்தில் கணிதம் படிக்க இருக்கும்போது கையில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் போன். அவர் வயலால் வந்த பிறகுதான் அது பிள்ளையின் கைக்கு வரும். ஏ9 வீதியோரம் கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா என்றால் சிக்னலுக்குப் பெரிய குறை இல்லை. துணுக்காய், நெடுங்கேணி, முழங்காவில் என்று உள்ளே போகப்போக, யூரியூப் வட்டமிட்டுக்கொண்டு நிற்கும் நேரம் கணக்குச் செய்யும் நேரத்தை விடக் கூடிவிடும். அதனால் இங்கே ஒவ்வொரு இணைய வளத்தையும் மூன்று கேள்வி கேட்டுத்தான் மதிப்பிட்டிருக்கிறோம். நமது பாடத்திட்டத்தோடு ஒத்துப்போகிறதா? ஒருமுறை இறக்கி வைத்தால் பிறகு டேட்டா இல்லாமல் ஓடுமா? அங்கே விளங்கியதை வைத்து விடைத்தாளில் புள்ளி எடுக்கலாமா? மூன்றாவதில்தான் பெயர்பெற்ற பல தளங்கள் சறுக்குகின்றன.

விடைத்தாள் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தின் முதலாம் வினாத்தாளுக்கு 2 மணித்தியாலம். அ பகுதியில் 2 புள்ளி வீதம் 25 குறுவினா, ஆ பகுதியில் 10 புள்ளி வீதம் 5 வினா. இரண்டாம் வினாத்தாளுக்கு 3 மணித்தியாலம். அ பகுதியில் ஆறு, ஆ பகுதியில் ஆறு, ஒவ்வொன்றிலும் ஐந்தைத் தெரிந்து செய்ய வேண்டும். இந்த அமைப்பு 2016 பரீட்சையோடு வந்தது. அதற்கு முந்திய தாள்கள் தனிக் கணக்குகளுக்குப் பயிற்சியாகும், நேரம் வைத்து முழுத்தாள் செய்து பார்க்க உதவாது. குறுவினாவில் விடை பிழைத்தாலும் சரியான படி ஒன்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 1 புள்ளி உண்டு. விடையை மட்டும் அழுத்தித் தெரிவுசெய்யும் இணையப் பயிற்சிகள் இந்த 1 புள்ளிக்குப் பிள்ளையைப் பழக்குவதில்லை.

அலுப்பான பிடிஎப்கள்தான் முதலிடம்

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுப் புத்தகத்தையும் இழுக்கத் தேவையில்லை, பாடம் பாடமாக இறக்கலாம். பத்து நிமிடக் காணொளி ஒன்றை 360பீ தரத்தில் பார்த்தால் ஏறத்தாழ 30 தொடக்கம் 60 எம்பி போகும், பார்த்து முடிந்ததும் கையில் ஒன்றும் மிஞ்சாது. பிடிஎப் ஒருமுறை வந்தால் பரீட்சை வரை போனில் கிடக்கும். கையில் அச்சுப் புத்தகம் இருக்கிற பிள்ளைக்கும் இது தேவை. தரம் 11 இல் இயல்பொத்த முக்கோணி விளங்காவிட்டால் பழுது தரம் 10 இன் ஒருங்கிசைவில் இருக்கலாம், தரம் 8 இன் விகிதத்தில் இருக்கலாம். அந்தப் புத்தகங்கள் வீட்டில் இராது. தரம் 6 இலிருந்து எல்லாவற்றையும் இறக்கி வைத்தால் பின்னால் போய்த் திருத்தலாம்.

ஒரு குறை உண்டு. இப்படியான தமிழ்ப் பிடிஎப்கள் பல பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரியும். அதற்குள் ‘தொடலி’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது, வெட்டி வட்ஸ்அப்பில் ஒட்டினால் கிறுக்கெழுத்தாக விழும். இறக்கிய உடனேயே கோப்பின் பெயரைத் ‘தரம் 11 பாடம் 7’ என்று மாற்றி வைப்பது நல்லது. வினாவைப் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டுமென்றால் எழுத்தை வெட்டாமல் அந்தப் பக்கத்தைப் படமாக எடுத்து அனுப்புங்கள்.

கடந்தகால வினாத்தாள்களைப் பரீட்சைத் திணைக்களத்தின் தளத்திலிருந்து எடுக்கலாம். அதே திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகள் இவற்றை விடப் பெறுமதியானவை, ஆனால் இவற்றைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. எந்த வினாவை எத்தனை பேர் தெரிவுசெய்தார்கள், எங்கே வழுக்கினார்கள், ஒவ்வொரு படிக்கும் எத்தனை புள்ளி என்றெல்லாம் அதில் இருக்கும். ஒரு கணக்குக்கு யூரியூப்பில் பத்துப் பேர் விடை செய்து காட்டலாம். எந்த வரிக்குப் புள்ளி விழுகிறது என்று அறிய இந்த அறிக்கையைத்தான் பார்க்க வேண்டும். ஆசிரியர்கள் இதோடு தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஒரு தேர்ச்சி மட்டத்துக்கு எத்தனை பாடவேளை என்பது வழிகாட்டியில் உண்டு. தவணை முடிவில் நிகழ்தகவை ஒரே நாளில் ஓட்டித்தள்ளும் பழக்கத்துக்கு அது ஒரு கடிவாளம்.

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ மும்மொழியிலும் தரவாரியாக அடுக்கப்பட்ட தளம். பாடம், பயிற்சி, வினாத்தாள் என்று ஓரிடத்தில் கிடைப்பது வசதி. எல்லாப் பாடத்துக்கும் ஒரே ஆழத்தில் உள்ளடக்கம் இல்லை, அங்கேயே உட்கார்ந்து படிக்க இணைப்பும் வேண்டும். எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு வெளியே வரலாம்.

கடல் கடந்து வரும் தமிழ்

தமிழில் கணிதம் தேடினால் முன்னுக்கு வருவது தமிழ்நாட்டு உள்ளடக்கம். 2019 இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் தனியார் வகுப்புகளும் குவிந்து கிடக்கின்றன. விளக்கம் நல்ல தெளிவு. ஆனால் கலைச்சொல் வேறு. நமக்கு அட்சரகணிதம், அவர்களுக்கு இயற்கணிதம். கேத்திரகணிதம் அங்கே வடிவியல். திரிகோணகணிதம் முக்கோணவியல் ஆகிவிடும். முக்கோணி முக்கோணமாகவும், நாற்பக்கல் நாற்கரமாகவும், செம்பக்கம் கர்ணமாகவும், தொடலி தொடுகோடாகவும், படித்திறன் சாய்வாகவும் வரும். தாயத்தை அணி என்பார்கள், தொடையைக் கணம் என்பார்கள். கூட்டல் விருத்தி அங்கே கூட்டுத் தொடர்வரிசை. உயர்தரத்துக்குப் போனால் காவி திசையனாகும், சிக்கலெண் கலப்பெண்ணாகும். சார்பு, நிகழ்தகவு, பின்னம், மடக்கை ஆகியவை இரு கரையிலும் ஒன்றுதான்.

புள்ளிவிபரவியலில்தான் உண்மையான பொறி. நமது பாடநூலில் இடை, இடையம், ஆகாரம் என்று மூன்று. அவர்கள் சராசரி, இடைநிலை அளவு, முகடு என்பார்கள். ‘இடைநிலை’ என்று கேட்டதும் நமது பிள்ளை ‘இடை’ என்று எடுத்துக்கொண்டு, கூட்டி வகுக்கத் தொடங்கிவிடும். அங்கே கேட்டது நடுவில் நிற்கும் பெறுமானத்தை. விடைத்தாளில் ‘கர்ணம்’ என்று எழுதினால் திருத்துபவருக்கு விளங்காமல் போகாது. வினாத்தாளில் ‘செம்பக்கம்’ என்று கண்டதும் பிள்ளை திகைத்து நிற்பதுதான் ஆபத்து. அதனால் தமிழ்நாட்டுக் காணொளி காட்டும் ஆசிரியர் இந்தச் சோடிகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரலாக எழுதுவித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. 20 சொல்லுக்கு மேல் தேவைப்படாது.

தேடும் விதமும் முக்கியம். வெறுமனே ‘தொடைகள்’ என்று தேடினால் உடற்பயிற்சிக் காணொளி வரக்கூடும், ‘தாயம்’ என்றால் விளையாட்டு வரும். ‘தரம் 11 கணிதம் தொடைகள்’ என்று தேடுங்கள். ‘தரம்’ என்பது நமது சொல், அவர்கள் ‘வகுப்பு’ என்பார்கள். அந்த ஒரு சொல்லே இலங்கை உள்ளடக்கத்தை வடித்துத் தந்துவிடும்.

கான் அக்கடமியும் கொலிப்ரியும்

காணொளியும் பயிற்சியும் இலவசமாகத் தரும் கான் அக்கடமி தளத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அடிப்படையில் ஓட்டை விழுந்த பிள்ளைக்கு, அதாவது தரம் 9 இல் இருந்துகொண்டு பின்னம் கூட்டத் தடுமாறுபவருக்கு, அதன் பயிற்சி முறையை மிஞ்சுவது கடினம். பிழைத்தால் படிப்படியாகக் குறிப்புக் கொடுக்கும், அதே வகையில் வேறு எண்களோடு மறுபடி கேட்கும். ஆங்கிலம் தடையாக இருந்தாலும் எண்களும் குறியீடுகளும் நிறைந்த பாடங்களில் சமாளிக்கலாம். வசனக் கணக்குகளில் முடியாது. அங்கே அடி, மைல், கலன், டொலர் என்று வரும் அலகுகளும் நமக்கு ஆகாது. நேர்கோட்டுச் சமன்பாட்டின் வெட்டுத்துண்டுக்கு நாம் ‘சீ’ போடுவோம், அவர்கள் ‘பீ’ போடுவார்கள். சிறிய விடயம்தான், ஆனால் சொல்லாவிட்டால் பிள்ளை அரை மணித்தியாலம் குழம்பும்.

டேட்டா இல்லாத இடத்துக்கு கொலிப்ரி. லேர்ணிங் ஈக்குவாலிற்றி என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் இலவச மென்பொருள் இது. கான் அக்கடமியின் காணொளிகளையும் பயிற்சிகளையும் ஒரு கணினிக்குள் இறக்கி வைத்து, இணையமே இல்லாமல் வகுப்புக்கு வழங்கும். ஒழுங்குபடுத்துவது இப்படி. நல்ல இணைப்பு உள்ள இடத்தில் வைத்துப் பழைய மடிக்கணினி ஒன்றில் கொலிப்ரியை நிறுவுங்கள். சனல் பட்டியலில் கான் அக்கடமியைத் தெரிந்து, தேவையான தலைப்புகளை மட்டும் குறியிட்டு இறக்குங்கள். முழுச் சனலையும் இறக்கப் போனால் பத்துக் கணக்கான ஜிபி போகும், பல மடிக்கணினிகளில் இடமே இராது. பிறகு சிம் இல்லாத பழைய ரவுட்டர் ஒன்றை மின்னில் கொழுவுங்கள். மடிக்கணினியையும் பிள்ளைகளின் போன்களையும் அதே வைபையில் இணையுங்கள். போனின் உலாவியில் மடிக்கணினியின் ஐபி முகவரியை (அந்த வைபையில் அதற்குரிய இலக்கத்தை) அடித்து, முக்காற்புள்ளி போட்டு 8080 என்று முடித்தால் பாடம் திறக்கும். ஆசிரியர் கணக்கில் நுழைந்தால் யார் எந்தப் பயிற்சியில் நிற்கிறார் என்பது தெரியும்.

இதில் வழக்கமாகப் பிழைப்பவை மூன்று. முதலாவது, ரவுட்டரை மறுபடி போட்டதும் மடிக்கணினியின் ஐபி முகவரி மாறிவிடும், நேற்று வேலை செய்த முகவரி இன்று வேலை செய்யாது. ரவுட்டரின் அமைப்புக்குள் போய் அந்தக் கணினிக்கு நிலையான முகவரி ஒன்று ஒதுக்கினால் தீரும். இரண்டாவது, விண்டோஸின் பாதுகாப்புச் சுவர் வெளிப் போன்களை உள்ளே விடாது. மடிக்கணினியில் திறக்கிறது, போனில் திறக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். கொலிப்ரிக்கு அனுமதி கொடுக்க வேண்டும். மூன்றாவது, சில போன்கள் ‘இந்த வைபையில் இணையம் இல்லை’ என்று தாமாகவே டேட்டாவுக்கு மாறிவிடும். போனில் மொபைல் டேட்டாவை நிற்பாட்டிவிட்டு இணைக்கச் சொல்லுங்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் இடமென்றால் மடிக்கணினிக்குப் பதில் ராஸ்பெரி பை என்ற சிறிய கணினியை வைக்கலாம். 5 வோல்ற்றில் ஓடுவதால் 10,000 எம்ஏஎச் பவர் பாங்க் நாலைந்து மணித்தியாலம் தாங்கும். ஆனால் பவர் பாங்கின் வெளியீடு 3 அம்பியருக்குக் குறைந்தால் பை இடையிடையே அணைந்து மெமறி கார்டைக் கெடுத்துவிடக்கூடும்.

ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ்

ஒரே ஒரு செயலிதான் போனில் வைக்கலாம் என்றால் ஜியோஜீப்ரா. 2001 இல் ஒஸ்ரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் தொடங்கிய மென்பொருள். நிறுவிய பிறகு இணையம் தேவையில்லை. வட்டத் தேற்றங்களுக்கு இதைப்போல ஒன்று இல்லை. வட்டம் கீறி, பரிதியில் மூன்று புள்ளி வைத்து, மையக் கோணத்தையும் பரிதிக் கோணத்தையும் அளக்கச் சொல்லி, பரிதியில் உள்ள புள்ளியை விரலால் இழுத்துக் காட்டுங்கள். மையக் கோணம் 100° என்றால் பரிதிக் கோணம் 50° இலேயே நிற்கும். புள்ளி மற்ற வில்லுக்குத் தாண்டியதும் 130° ஆகும். அந்தக் கணத்தில் வட்ட நாற்பக்கலின் எதிர்க் கோணங்களின் கூட்டுத்தொகை ஏன் 180° என்பது பிள்ளைக்குக் கண்முன்னே தெரிந்துவிடும். கரும்பலகையில் ஐந்து படம் கீறினாலும் இது கிடைக்காது.

கோணக் கருவியில் ஒரு சறுக்கல் இருக்கிறது. அது இடஞ்சுழியாக அளக்கும். புள்ளிகளைத் தொடும் ஒழுங்கு மாறினால் 50° க்குப் பதில் 310° காட்டும், வகுப்பு சிரிக்கும். ஒழுங்கை மாற்றித் தொடுங்கள், அல்லது கோணத்தின் பண்புகளில் 0° தொடக்கம் 180° வரை என்பதைத் தெரியுங்கள். தசமதானத்தைப் பூச்சியமாக வைக்கவும் வேண்டாம். முக்கோணியின் கோணங்கள் 40.4°, 69.4°, 70.2° என்றால் திரையில் 40, 69, 70 என்று வரும். கூட்டினால் 179. கோணங்களின் கூட்டுத்தொகையை அன்றுதான் படிப்பித்த ஆசிரியருக்கு அது தேவையில்லாத தலையிடி.

கவராயத்தால் கீறும் அமைப்புகள் பாடத்துக்கு ஜியோஜீப்ராவை அப்படியே பாவிக்கக் கூடாது. செங்குத்து இருகூறாக்கிக்கு அதில் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் கோடு வந்துவிடும். பரீட்சையில் புள்ளி அந்தக் கோட்டுக்கு மட்டும் இல்லை, கவராயத்தால் போட்ட விற்களுக்கும் உண்டு. வில் இல்லாத கோட்டைத் திருத்துபவர் பாகைமானியால் கீறியதாகத்தான் எடுப்பார். கணினியில் ஓடும் கிளாசிக் 5 பதிப்பில் கருவிப்பட்டையை மாற்றி அமைக்கலாம். இருகூறாக்கி, செங்குத்து, சமாந்தரம், தொடலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, புள்ளி, கோடு, வட்டம், கவராயம், வெட்டுப்புள்ளி ஆகிய ஐந்தை மட்டும் விட்டுவையுங்கள். இனி 60° கோணம் வேண்டுமென்றால் பிள்ளை வட்டம் போட்டுத்தான் ஆகவேண்டும். திரையில் முழு வட்டம் வரும், தாளில் வெட்டும் இடத்தில் சிறிய வில் போதும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

வரைபுக்கு டெஸ்மோஸ் இன்னும் இலகு. 2011 இல் வந்தது, போன் செயலியாகவும் இணையம் இல்லாமல் ஓடும். எக்ஸ் வர்க்கம் கழித்தல் 4 எக்ஸ் கூட்டல் 1 என்ற இருபடிச் சார்பை எடுத்துக்கொள்வோம். முதலில் தாளில் அட்டவணை. எக்ஸ் −1 இலிருந்து 5 வரை போக, வை 6, 1, −2, −3, −2, 1, 6. பிள்ளை வரைபுத்தாளில் கீறி முடித்த பிறகுதான் போனைத் திறக்க வேண்டும். டெஸ்மோஸில் சமன்பாட்டை அடித்ததும் வளையி வரும். அதைத் தொட்டால் இழிவுப் புள்ளியும் அச்சுகளை வெட்டும் புள்ளிகளும் சாம்பல் நிறத்தில் தெரியும், அவற்றைத் தொட்டால் ஆள்கூறு வரும். மூலங்கள் ஏறத்தாழ 0.27, 3.73. தாளில் 0.3, 3.7 என்று வாசித்திருந்தால் சரி. மூலங்கள் 2 ± √3 என்பதால் அந்த 3.7 இலிருந்து 2 ஐக் கழித்தால் √3 க்கு 1.7 கிடைக்கிறது. வரைபைக் கொண்டு √3 இன் பெறுமானம் காண் என்ற வினாவின் சூட்சுமம் இவ்வளவுதான்.

போனிலிருந்து படிக்கக் கூடாதது ஒன்று உண்டு. டெஸ்மோஸில் இரண்டு விரலால் நுள்ளினால் அளவிடை மாறிக்கொண்டே இருக்கும். ஒரே பரவளைவு ஒருமுறை ஊசிபோலவும் மறுமுறை தட்டையாகவும் தெரியும். பரீட்சையில் தந்த வரைபுத்தாளுக்கு அளவிடை தெரிவது பிள்ளையின் வேலை, அதற்குப் புள்ளியும் உண்டு. 10 சிறு பிரிவு ஓர் அலகு என்று எடுத்தால் மேலே சொன்ன சார்பு தாளில் அளவாக அடங்கும். இழிவுப் புள்ளியை இரண்டு நேர்கோட்டால் ஊசிமுனையாகச் சேர்ப்பது, அட்டவணையில் இல்லாத இடத்தில் வளையியை நெளிப்பது, இவை கையால் கீறிப் பழகாமல் போகாத பிழைகள்.

ஸ்லைடரால், அதாவது இழுக்க இழுக்க எண்ணை மாற்றும் பட்டையால், கிடைக்கும் நன்மை வேறு. வர்க்கத்தின் குணகத்துக்கு ஒரு ஸ்லைடர் வைத்து 1 இலிருந்து பூச்சியத்தினூடாக −1 க்கு இழுங்கள். பரவளைவு மெல்ல விரிந்து, நேர்கோடாகி, கவிழும். இழிவு உயர்வாக மாறுவதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. புரொஜெக்ரர் இல்லாத வகுப்பில் ஒரு போனை 35 பிள்ளைக்குச் சுற்றிக் காட்ட முடியாது. குணகம் 2, 1, −1 ஆக இருக்கும் மூன்று நிலைகளையும் திரைப்பிடிப்பு எடுத்து ஒரே தாளில் அச்சடித்து ஒட்டிவிடுங்கள்.

இரண்டு செயலியிலும் உள்ள ஒரு கண்ணி: சைன் 30 என்று அடித்தால் 0.5 க்குப் பதில் −0.988 வரக்கூடும். அப்போது செயலி 30 ஐப் பாகையாக அல்ல, ஆரையன் என்ற வேறு கோண அலகாக எடுத்துக்கொள்கிறது. டெஸ்மோஸில் அமைப்புக்குள் போய்ப் பாகைக்கு மாற்ற வேண்டும். ஜியோஜீப்ராவில் 30 க்குப் பின்னால் பாகைக் குறி போட வேண்டும்.

படம் எடுத்தால் விடை சொல்பவை

போட்டோமத் போன்றவை சமன்பாட்டைப் படமெடுத்தால் படிகளோடு தீர்த்துக் காட்டும். ஒருங்கமை சமன்பாடு, காரணிப்படுத்தல் ஆகியவற்றில் தன் விடையைச் சரிபார்க்க நல்லது. ஆனால் நமது பாடத்திட்டத்தில் அவற்றால் தொட முடியாத இடங்கள் சில உண்டு, அவை பெரிய புள்ளிக்குரியவை.

ஒன்று மடக்கை. சாதாரண தரத்தில் கணிகருவிக்கு அனுமதி இல்லை, அட்டவணைதான். 0.0354 இன் மடக்கைக்குப் போன் −1.4510 என்று காட்டும். நாம் எழுத வேண்டியது தலையில் கோடு போட்ட 2, பிறகு .5490. அதாவது −2 உடன் 0.5490 ஐக் கூட்டுவது. இரண்டும் ஒரே எண்தான், ஆனால் போனின் வடிவத்தை வைத்துக்கொண்டு அட்டவணையில் முரண்மடக்கை தேட முடியாது. தலைக்கோட்டு எண்ணைக் கூட்டவும் வகுக்கவும் பழகுவதற்கு வெளிநாட்டுச் செயலிகளில் வழி இல்லை. பாடநூலும் உள்ளூர் ஆசிரியரின் காணொளியும்தான் கதி.

இரண்டாவது கடன் கணக்கு. ரூபா 24,000 கடன், ஆண்டுக்கு 18%, குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி, 12 சம மாதத் தவணை. நமது முறையில் மாதம் தீரும் முதல் 2,000. 1 மாத அலகுக்கான வட்டி 2,000 இன் 1.5%, அதாவது ரூபா 30. மாத அலகுகள் 12 ஐ 13 ஆல் பெருக்கி 2 ஆல் வகுக்க 78. மொத்த வட்டி 2,340, கட்ட வேண்டியது 26,340, தவணை ரூபா 2,195. இதையே இணையத்தில் உள்ள தவணைக் கணிப்பானில் போட்டால் ரூபா 2,200.32 என்று வரும். அது மாதாமாதம் மீதிக்கு வட்டி கணித்துத் தவணையைச் சமப்படுத்தும் வேறு சூத்திரம். கணிப்பான் பிழையில்லை, பாடநூலும் பிழையில்லை. ஆனால் விடையைச் சரிபார்க்க இதைப் பாவிக்கும் பிள்ளை தான் சரியாகச் செய்ததை அழித்துவிட்டுத் திருப்பிச் செய்யும். (நுண்கடன் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் இந்தப் பாடத்தைப் பிள்ளையோடு சேர்ந்து பெற்றோரும் படிக்கலாம்.)

மூன்றாவது கேத்திரகணித நிறுவல். தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, ஒவ்வொரு வரிக்கும் அடைப்புக்குள் காரணம் என்ற ஒழுங்கில்தான் இதற்குப் புள்ளி. சமன்பாடு வாசிக்கும் செயலிகளுக்கு இது எட்டாது. செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகள் தமிழிலேயே பதில் தரும்தான். ஆனால் படத்தில் எந்தப் புள்ளி எங்கே என்பதைத் தவறாக எடுத்துக்கொண்டு, இல்லாத ஒன்றுவிட்ட கோணத்தைக் காரணமாகச் சொல்லக்கூடும். கலைச்சொல்லும் கலந்து வரும். அதன் பதிலில் பிழை பிடிப்பதைப் பயிற்சியாகக் கொடுப்பது வேண்டுமானால் பிரயோசனம்.

நேரடி வகுப்பும் வட்ஸ்அப்பும்

சூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தோடு வகுப்பு அறுந்துவிடும். கூகுள் மீட் குழுவுக்கு 60 நிமிடம் தரும். கணிதத்துக்கு 40 நிமிடமே போதும்: 10 நிமிடம் விளக்கம், 20 நிமிடம் எல்லோரும் ஒலியை அணைத்துவிட்டுக் கணக்குச் செய்வது, 10 நிமிடம் திருத்தம். எழுதும் பலகை வாங்கக் காசில்லையென்றால் போனை இரண்டு புத்தக அடுக்குக்கு நடுவே குப்புற வைத்துத் தாளில் எழுதலாம். தடித்த பேனையால், எழுத்து ஒரு சென்ரிமீற்றர் உயரமாக, பக்கத்துக்கு ஆறு வரிக்கு மேல் போகாமல் எழுதினால் குறைந்த தரத்திலும் வாசிக்கலாம். விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் கையின் நிழல் எழுதும் வரியில் விழும்.

பிள்ளைகள் விடையைப் படமாக அனுப்பும்போது வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். பென்சிலால் போட்ட விற்களும் வரைபுத்தாளின் சிறு பிரிவுகளும்தான் முதலில் மறையும். படத்தை ‘ஆவணம்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், மேல் மூலையில் சுட்டெண்ணும் வினா இலக்கமும்.

உயர்தரத்துக்கு

இணைந்த கணிதத்துக்கு இந்தப் பட்டியல் சுருங்கிவிடும். வினாத்தாள் இரண்டும் மூன்று மணித்தியாலம். அ பகுதியில் 25 புள்ளி வீதம் 10 வினா, ஆ பகுதியில் 150 புள்ளி வீதம் ஏழில் ஐந்து. 150 புள்ளிக் கணக்கு ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இடைவெளி விடாமல் செய்து காட்டும் தமிழ்க் காணொளி கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். முக்கியமான படியில் ‘இதைச் சுருக்கினால் இப்படி வரும்’ என்று தாண்டுபவை நேரத்துக்கு நட்டம். வகையீட்டில் படித்திறன் மாறுவதைக் காட்ட ஜியோஜீப்ராவும், எறியத்துக்கு ஃபெட் ஒப்புருக்களும் (திரையில் இயக்கிப் பார்க்கும் மாதிரிகள்) உதவும். ஃபெட் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002 இல், இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் தொடங்கியது. ஒப்புருவைத் தனிக் கோப்பாக இறக்கி வைத்தால் உலாவியில் இணையமின்றி ஓடும். எறியம் ஒப்புருவில் வளித்தடையை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் 45° இல் உச்ச வீச்சு வராது, சூத்திரத்தில் பிழை என்று பிள்ளை நினைக்கும். 2005 இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற ஈழத்து நூல்களின் இணையக் களஞ்சியத்தில் பழைய பாடநூல்களும் வினாத்தாள் தொகுப்புகளும் உண்டு. இப்போதைய பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, நீக்கப்பட்ட பகுதிகளைக் கோடு போட்டு விலக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு 16 ஜிபி மெமறி கார்டில் தரவாரியாக அடுக்கலாம்: பாடநூல், வினாத்தாள், மதிப்பீட்டு அறிக்கை, ஃபெட் கோப்புகள், ஜியோஜீப்ராவின் நிறுவற் கோப்பு, தெரிந்தெடுத்த 20, 30 காணொளி. ஒரு ரியூசன் கொட்டிலுக்கு ஒரு கார்ட் போதும், போன் போனாக மாற்றிக்கொள்ளலாம். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பிடிஎப்பையும் திறந்து கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பாருங்கள். சிக்னல் அறுந்து பாதியில் நின்ற கோப்பும் பெயரில் முழுக் கோப்பாகவே கிடக்கும்.